தீட்டுப் பால்

நவார் நாட்டு அரச வம்சமே என் மார்பில்தான் வளர்ந்தது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். வளர்ந்தது ஒரே ஒரு இளவரசன். அவனும் பல் முளைத்த மறுநாளே கடித்துவைத்தான்.

என் பெயர் ஓரியா. புருஷன் ஃபோர்த்தூன் ஆடு மேய்க்கிறவன். எங்கள் முதல் பிள்ளை மிலியா பிறந்த முப்பதாம் நாள் கோட்டையிலிருந்து ஆள் வந்தது. ராணி ஒதிலியாவுக்கு இன்றோ நாளையோ பிரசவம், பால் கொடுக்க ஒருத்தி வேண்டும் என்றார்கள். அந்தப்புரத் தலைவி மாயோர் அம்மாள் என்னைச் சந்தையில் மாடு பார்ப்பது போலப் பார்த்தாள். பல்லை எண்ணினாள். என் பாலில் ஒரு சொட்டை நகத்தில் விட்டுச் சாய்த்துப் பார்த்தாள். "உங்க குடும்பத்துல யாருக்காவது பைத்தியம் உண்டா?" என்று கேட்டாள். "இதுவரைக்கும் இல்ல அம்மணி, இனிமேதான் தெரியும்," என்றேன். அவள் சிரிக்கவில்லை. மிலியாவை நாத்தனார் தோதாவின் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மறுத்திருக்கலாமே என்பீர்கள். எங்கள் ஆடு மேய்கிற மலை ராஜாவுடையது.

பிரசவ அறையின் ஜன்னல்களை எல்லாம் கம்பளித் திரைகளால் மூடியிருந்தார்கள். பகலிலும் மெழுகுவர்த்திதான். ஆண் வாடையே கூடாது. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் தீட்டு. அதற்குப் பிறகு கையில் மெழுகுவர்த்தியோடு கோயில் வாசலில் முழங்காலிட்டுச் சாமியாரிடம் ஆசி வாங்கினால்தான் தீட்டுப் போகும். அதுவரை ராணிக்கும் வெளிவாசல் கிடையாது. ராணிக்கே இல்லை என்றால் அவள் பிள்ளைக்குப் பால் கொடுப்பவளுக்கு ஏது?

பதினாலு வயதில் மலை தாண்டி வாழ்க்கைப்பட்டு வந்தவள் ஒதிலியா. வரிசையாக மூன்று பெண்கள். மூத்தவளை நான்கு வயதில் நிச்சயம் செய்து, மாமியார் வீட்டுப் பேச்சைப் படிக்கட்டும் என்று அங்கேயே அனுப்பிவிட்டார்கள். நான்காவதுதான் இந்த ஆண்பிள்ளை. ஊரெங்கும் மணி அடித்தார்கள். எங்கள் அறைக்குச் சத்தம் மட்டும் வந்தது. அவனையும் அவள் மடியில் அதிக நேரம் விடமாட்டார்கள். பொழுது போகாமல் மெழுகுப் பலகையில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். "பால்காரி, உன் எழுத்து ஆட்டுப் புழுக்கை மாதிரி இருக்கு," என்பாள்.

இளவரசன் பிறந்த மூன்றாவது வாரம், துணி எடுக்க வந்த வண்ணாத்தி என் காதில் ஓதினாள்: "உன் பொண்ணு ஆட்டுப் பால் குடிச்சா கக்கிடுது. தோதா உன்கிட்ட சொல்லச் சொன்னா. ரொம்ப நாள் தாங்காதுன்னு..."

மாயோர் அம்மாளின் காலில் விழுந்தேன்.

"அரை நாள் போதும் அம்மணி. பாத்துட்டு ஓடி வந்துடறேன்."

"வெளிக்காத்து பட்டா பால் கெட்டுடும்."

"இங்கயே இருந்தா நான் கெட்டுடுவேன்."

"நீ கெட்டா வேற ஆள் பாத்துக்கலாம். பால் கெடக் கூடாது."

அன்று இளவரசனுக்குப் பால் கொடுக்கும்போது என் கண்ணீர் அவன் நெற்றியில் சொட்டியது. ராணி கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓரியா, நீ பெத்து எத்தனை நாள் ஆச்சு?"

"ஐம்பத்திரண்டு, மகாராணி."

"கோயில்ல ஆசி வாங்கிட்டியா?"

"எங்க வாங்கறது? முப்பதாம் நாளே தூக்கிட்டு வந்துட்டாங்களே."

ராணி எழுந்து உட்கார்ந்தாள். பிறகு அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு குறும்பு வந்தது. தலையணையை எடுத்து வீசினாள். அறை அதிரக் கத்தினாள்.

"மாயோர்! என் மகனுக்குத் தீட்டுப் பாலா கொடுக்கறீங்க?"

மாயோர் அம்மாள் வெளுத்துப்போனாள். பல்லை எண்ணினவள், பாலை நகத்தில் சாய்த்தவள், இதைக் கேட்க மறந்துவிட்டாள். ஆளை மாற்றலாம் என்றால் இளவரசன் வேறு யாரிடமும் வாய் வைக்கமாட்டான். அரண்மனைச் சாமியாரைக் கதவுக்கு வெளியே நிறுத்திக் கேட்டார்கள். அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஆசி என்றால் அவளவள் சொந்த ஊர்க் கோயிலில், சொந்தப் பிள்ளையை ஏந்திக்கொண்டு.

மறுநாள் விடிந்ததும் என்னைக் கோவேறு கழுதையில் ஏற்றினார்கள். இரண்டு காவலர்கள். வெளியே வந்ததும் வெயிலில் கண் கூசி, வழி முழுக்கப் பாதிக் கண்ணை மூடிக்கொண்டே போனேன்.

எங்கள் கோயில் வாசலில் தோதா நின்றாள். கையில் மிலியா, உரித்த முயல் போல. நான் மெழுகுவர்த்தியைப் பிடித்து முழங்காலிட்டேன். சாமியார் மந்திரம் முடிக்கும் முன்பே ரவிக்கையை அவிழ்த்துவிட்டேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார். மிலியாவுக்கு முதலில் உறிஞ்சவே தெம்பில்லை. விரலில் பாலைத் தொட்டு உதட்டில் தடவினேன். பிறகு பிடித்தாள் பாருங்கள், வலியில் எனக்குச் சத்தமே வந்துவிட்டது.

"சீக்கிரம் தாயி, இளவரசருக்குப் பசிக்கும்," என்றான் ஒரு காவலன்.

"அவருக்குப் பசிச்சா ஊரையே எழுப்புவீங்க. இவளுக்கு மட்டும் பசிக்காதாய்யா?" என்றாள் தோதா.

புறப்படும்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? மிலியாவைப் பாலாடைக்கட்டிக் கூடையில் படுக்கவைத்து மேலே துணி போர்த்தினேன். வழியில் அவள் அழுதபோதெல்லாம் நானும் கூடவே அழுதேன். காவலர்களுக்கு இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்டது. ராணி கூடையைத் திறந்து பார்த்தாள். இளவரசனை ஒரு ஓரமாகத் தள்ளி, அவனுடைய தங்கத் தொட்டிலிலேயே இவளையும் கிடத்தினாள். அன்றிலிருந்து இரண்டு பேரும்...

எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் பழக்கம். இதை எழுதும்போது, வளர்ந்து பெரியவளான மிலியா எதிரே உட்கார்ந்து கம்பளிக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, கூடையெல்லாம் ஒண்ணும் இல்ல. கோயில் வாசல்லயே என்னை அத்தைகிட்ட குடுத்துட்டுக் கழுதை ஏறிட்ட. அத்தை வீடு வீடாத் தூக்கிட்டுப் போய், பிள்ளை பெத்தவங்ககிட்ட எல்லாம் பால் கேட்டு வாங்கிக் குடுத்துதான் நான் பிழைச்சேன். நீ திரும்பி வந்தப்ப எனக்கு நாலு வயசு. உன்னைப் பாத்து அத்தை முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு, 'யாரு இந்த அம்மணி?'ன்னு கேட்டேன்."