பின் சீட்டில் கிடந்த துண்டு

முத்தையாபுரம் சுந்தரராஜுக்கு வாய் கொஞ்சம் நீளம். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் முப்பது வருடமாகக் குமாஸ்தா, ஆபீசுக்கே அண்ணாச்சி. சர்க்கரைக்காக டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னதும் ஒரு மாதம் அதே பேச்சுதான். தினம் முப்பது கிலோமீட்டர் மிதிப்பதாக அளந்தார். அதை நம்பி, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஸ்டெபி ஒரு சைக்கிளே வாங்கிவிட்டாள்.

பொங்கல் விடுமுறையில் ஆபீஸ்காரர்கள் எட்டுப் பேர் ஆற்றங்கரை ஊர்களைப் பார்க்கச் சைக்கிளில் கிளம்பினார்கள். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, கடைசியில் கடம்பா குளம். தண்ணீரும் பழமும் ஆபீஸ் டிரைவர் பேச்சிராஜா ஓட்டிய காரில் பின்னால் வந்தன.

ஸ்ரீவைகுண்டம் தாண்டியதுமே சுந்தரராஜுக்கு முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. எல்லோரையும் முன்னே விட்டு, சைக்கிளைக் காரின் மேல் கட்டச் சொல்லிப் பின் சீட்டில் ஏறினார். பேச்சிராஜா வாய்க்கால் கரையாகச் சுற்றிப் போய் ஆழ்வார்திருநகரிக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் இறக்கிவிட்டான். மற்றவர்கள் வந்தபோது அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டிருந்தார். குறுக்கு வழியில் மிதித்து முந்திவிட்டார் என்று நினைத்துக் கை தட்டினார்கள். அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம், மனுஷன் சிரித்தார்.

தென்திருப்பேரைக்கும் அதே வித்தைதான். ஸ்டெபி கடைசியாக வந்தாள், கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு. காரில் ஏறச் சொன்னார்கள்.

"அண்ணாச்சிக்கு அம்பத்திரெண்டு வயசு. அவியளே மிதிக்காவ, எனக்கென்ன?" என்றாள்.

சுந்தரராஜுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் டம்ளரை வைத்துவிட்டு, மிதித்து வந்தவர் போலவே சைக்கிளைத் துடைத்தார்.

கடம்பா குளத்துக் கரையில் அவள் விழுந்தாள். முட்டி சிராய்த்து ரத்தம். வலிக்காக அழவில்லை, முடியவில்லையே என்று அழுதாள். கைத்தாங்கலாகக் காரின் பின் சீட்டில் உட்காரவைத்தார்கள். சுந்தரராஜ்தான் ஓடிப்போய்த் தண்ணீர் நீட்டினார்.

ரத்தத்தைத் துடைக்க, சீட்டில் கிடந்த துண்டை அவள் எடுத்தாள். நீலக் கட்டம் போட்ட துண்டு. காலையில் அது யார் கழுத்தில் கிடந்தது என்று அவளுக்குத் தெரியும். வேர்வை ஈரம் இன்னும் காயவில்லை. துண்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். துடைக்காமல் மடித்து நீட்டினாள்.

"சார், ஒங்க துண்டு."

திரும்பும்போது சுந்தரராஜ் முத்தையாபுரம் வரை முழுக்க மிதித்தார். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினாரே தவிர காரில் ஏறவில்லை. அவள் கண்ணை மூடிப் பின் சீட்டில் சாய்ந்திருந்தாள்; அதைப் பார்க்கவில்லை.

ஆபீசில் எல்லோருக்கும் அவர் இன்னமும் அண்ணாச்சிதான். ஸ்டெபிக்கு மட்டும் சார்.