டிக்கியில் பத்திரமாக இருந்த சீட்

ஜெர்மனி பயணத்துக்காக, எட்டு மாத மகளுக்குத் திருப்பதியில் குழந்தைகளை பெல்ட் போட்டு உட்காரவைக்கும் கார் சீட் வாங்கினோம். சரியான சீட் இல்லாவிட்டால் அங்கே போலீஸ் பிடிக்கும் என்று, அந்த நாட்டில் செல்லுபடியாகும் தர முத்திரை உள்ள சீட்டைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினேன். காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்ட பிறகே பிரிக்க வேண்டுமென்று, பெட்டியோடு டிக்கியில் வைத்துவிட்டுச் சித்தூருக்குக் காரை ஓட்டினேன். பாப்பா பின்னால் மனைவியின் மடியில் தூங்கினாள்.

திடீரென்று குறுக்கே மாடு வந்தது. பிரேக் போட்டேன். பாப்பா மடியிலிருந்து நழுவி, முன்சீட்டின் முதுகில் மோதி வீறிட்டாள். நெற்றி லேசாகச் சிவந்ததோடு சரி.

காரை ஓரங்கட்டிப் பெட்டியைக் கிழித்தேன்.

"பூஜை போடாத பிரிச்சிக்கினு கீறீங்களே?" என்றாள் மனைவி, அழுதுகொண்டே.

"சாமி கோச்சிக்காது. பாப்பாவ குடு."

பெல்ட்டை மாட்டும்போதுதான் உறைத்தது. அந்தச் சீட்டை நான் மகளுக்காக வாங்கவில்லை. ஜெர்மனி போலீசுக்காக வாங்கியிருந்தேன்.