பேச்சியம்மாவுக்கு அஞ்சு கால்

தேயிலைத் தோட்டம் அரசாங்கத்திடமிருந்து திரும்பவும் கம்பனிக்காரர் கைக்குப் போன வருஷம் அது. ஹந்தானை மலையில், தொழிலாளர் வீட்டு வரிசையான மேட்டு லயத்துப் பேச்சியம்மாவின் உள்ளங்காலில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை ஒன்று குத்திவிட்டது. இரத்தத்தில் சீனி ஏறும் வருத்தம் உள்ள உடம்பு, புண் ஆறுமா? கண்டி ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நடந்து போனவள், டவுனில் ஒரு சங்கத்தார் கொடுத்த சக்கர நாற்காலியோடு திரும்பி வந்தாள்.

வந்த அன்றே அவள் புருஷன் இருளப்பன் அதை வாசல் திண்ணையான இஸ்தோப்பு மூலையில் நிறுத்தி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினான். கெட்டவன் அல்ல. வெட்கப்பட்டான், அவ்வளவுதான்.

"எதுக்கு மூடுறீங்க?"

"போறவன் வாறவன் பாப்பான்ல."

"பாக்கட்டும். நான் என்ன கோழி திருடிட்டா வந்தேன்? சாக்க எடுங்க."

எடுத்தான். ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது சொல்பேச்சுக் கேட்கிற சாமான் இல்லையென்று. இரண்டு கையும் ஒரே மாதிரித் தள்ளினால்தான் நேரே போகும். பேச்சியம்மாவுக்கோ வலது கைக்குப் பலம் கூட. தள்ளும்போதெல்லாம் இடது பக்கம் திரும்பி, சுவரொட்டிய அடுத்த காம்பராக்காரி அடுக்கிவைத்த விறகில் போய் முட்டும். அவள் திட்டுவாள், இவளும் திட்டுவாள், விறகு திரும்ப அடுக்கப்படும். உள்ளங்கை கொப்புளித்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடியும் தள்ளினாள்.

அதற்குள் மாரியம்மன் திருவிழா வந்தது. முளைப்பாரிக்கு மண்சட்டி ஓட்டில் மண்ணும் எருவும் போட்டு, பயறு விதைத்து, இருட்டு மூலையில் வைத்து வளர்ப்பார்கள். முளை எழும்பினதும் தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். வளர்த்தவளேதான் சுமக்க வேண்டும், தலை மாற்றக் கூடாது என்பது அந்த லயத்து வழக்கம். வாழ்க்கைப்பட்டு வந்த வருஷத்திலிருந்து பேச்சியம்மா ஒரு வருஷமும் விட்டதில்லை. இந்த வருஷமும் விதைத்துவிட்டாள்.

இருளப்பனின் அக்கா நல்லம்மா வந்து பார்த்தாள்.

"மாரியம்மா கோவிச்சுக்க மாட்டா. இந்த வருஷம் ஒம் மக பரிமளம் தூக்கட்டும். நீ வீட்ல இருந்து கும்புட்டுக்க."

"மதினி, காலத்தானே எடுத்தாங்க. தலைய எடுக்கலியே."

கொழுந்துக் கூடையின் கயிற்றைக் காலமெல்லாம் தலையில் மாட்டிய கழுத்து அது. தண்ணீர்ச் செம்பைத் தலையில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் உருண்டு பழகினாள். முதலில் சேலை நனைந்தது. பிறகு தோள் மட்டும் நனைந்தது. பிறகு எதுவும் நனையவில்லை.

திருவிழா அன்று தப்பு மேளச் சத்தத்துக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். பேச்சியம்மாவும் சும்மாட்டின் மேல் முளைப்பாரியை வைத்து, உள்ளங்கையாலேயே சக்கரச் சில்லை உரசி உரசி இறக்கத்தில் இறங்கினாள். நல்லம்மா பக்கத்திலேயே வந்தாள், விழுந்தால் பிடிக்க ஒரு கை, திட்ட வாய்.

கோயில் வாசலில் கமிட்டித் தலைவர் கறுப்பையா நின்றார்.

"தங்கச்சி, நீ வா. வேணாம்னு சொல்லல. ஆனா இந்தச் சில்லு ரோட்டுச் சாணி, சகதி எல்லாத்துலயும் உருண்டு வந்திருக்கு. செருப்பையே நாங்க வெளிய விடுறோம்."

"இது செருப்பு இல்லண்ணே. காலு."

"காலா?"

"ஒங்களுக்கு ரெண்டு. எனக்கு அஞ்சு. கழுவிட்டு வாறேன், நில்லுங்க."

பக்கத்துப் பீலிக் குழாயில் மலைத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் கரைத்த வாளியை அங்கே கொண்டுவரச் சொன்னாள். குனிய முடியாது, தலையில் முளைப்பாரி. நிமிர்ந்தபடியே ஒரு கையால் செம்பு செம்பாக ஊற்றி, மறு கையால் பெரிய சில்லைச் சுழற்றினாள். அந்தப் பக்கம், பிறகு இந்தப் பக்கம். முன்னாலுள்ள சின்னச் சில்லுகளுக்குக் கை எட்டவில்லை. யாரையும் கேட்கவுமில்லை. நல்லம்மாதான் சேலையைச் சொருகிக்கொண்டு குந்தினாள்.

"ஒங் காலக் கழுவுற காலமும் வந்துருச்சு பாரு."

"நல்லா தேய்ங்க மதினி. குதிகால்ல அழுக்கு."

பெண்கள் சிரித்தார்கள். கறுப்பையாவுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

"கழுவுன சில்லு மறுபடி தரையிலதானே உருண்டு வரணும்?"

பேச்சியம்மா தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் அவர் பக்கம் திருப்பினாள். "நீங்க காலக் கழுவிட்டு, தோள்ல போட்டுக்கிட்டா உள்ளுக்குப் போறீங்க?"

தப்படிக்கிறவன் அடியை விட்டுவிட்டுச் சிரித்தான். கறுப்பையா தன் காலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு ஒதுங்கினார்.

வாசலில் ஒரே ஒரு படி. கூட்டத்துக்குள்ளிருந்து இருளப்பன் வந்து நாற்காலியின் முன்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தான். சாக்குப் போட்டு மூடிய அதே கை. அந்த இடத்தில் மட்டும் அவள் முளைப்பாரியை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். அம்மன் முன்னால் தானே இறக்கி வைத்தாள். சிமெந்துத் தரையில் மற்றவர்களின் ஈரப் பாதங்களுக்கு நடுவே சில்லுத் தடம் நீளமாகக் கிடந்தது. கும்மி தொடங்கியபோது அவளும் வட்டத்தில் சேர்ந்தாள். கை தட்டினால் உருள முடியாது, உருண்டால் தட்ட முடியாது. ஒரு தட்டு, ஒரு உருட்டு என்று தனக்கொரு தாளம் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள்தான் அவளுக்காக அடியைக் குறைக்க வேண்டியிருந்தது.

திரும்பும்போது லயத்துக்குச் செங்குத்தான ஏற்றம். நல்லம்மா பின்னால் நின்று கைப்பிடியைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்தாள்.

"தள்ளுங்க மதினி," என்றாள் பேச்சியம்மா. "ஏத்தத்துக்கு மட்டுந்தான். மேல போனதும் கைய எடுத்துரணும்."