மலாக்காவுக்குப் போன இரண்டு பேர்

என் தகப்பனாரின் பூட்டனை வெள்ளைக்காரர் காலத்தில் கைதியாகக் கப்பலேற்றி மலாக்காவுக்கு அனுப்பினார்கள். ஊர்காவற்றுறைக் கரையில் நடந்த கைகலப்பொன்றில் ஒருவரைக் குத்திவிட்டார் என்பது வழக்கு. அவர் திரும்பி வரவில்லை. மனைவி தாலியைக் கழற்றாமலே வாழ்ந்து அதோடேயே அடக்கமானார். வீட்டில் தெரிந்தது இவ்வளவுதான்.

நாரந்தனையில் இருக்கும் என் மாமி, தகப்பனாரின் அக்கா, போன தவக்காலத்தில் படுக்கையில் விழுந்தார். கார்த்திகையில், ஆத்துமாக்களின் மாதத்தில், இறந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் மாதா கோயிலில் பூசை ஒப்புக்கொடுப்பவர் அவர். இந்த மனிதருக்கு மட்டும் கொடுத்ததில்லை.

"அவன் அங்கை இன்னொருத்தியைக் கட்டினவனோ, இல்லாட்டித் தனியச் செத்தவனோ? அதைப் பாத்துச் சொல்லு. கட்டினவனெண்டால் அவனுக்கு என்ர பூசை இல்லை."

"எப்பிடியும் இப்ப செத்துத்தானே மாமி இருப்பார்."

"பகிடி விடாதை. நான் கண்ணை மூட முதல் சொல்லு."

கொழும்பில் பழைய வழக்கேடுகளைப் பார்த்தேன். மலாக்காக் கைதிகளின் பதிவை எழுதிக் கேட்டுப் பிரதி எடுப்பித்தேன். அதில் அவருடைய பெயர் இருந்தது. தகப்பன் பெயர் சரி, ஊரும் சரி. ஆனால் இரண்டு தரம் இருந்தது. அதே கைகலப்புக்காகத் தண்டிக்கப்பட்டு ஒரே கப்பலில் போன இருவர். ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்த வருடத்திலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். மற்றவர் தண்டனை முடிந்து, அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டி, பிள்ளைகளும் பெற்றிருக்கிறார்.

பிரதி எடுத்தவர் விட்ட பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். பிழை இல்லை. எங்கள் ஊரில் ஞானஸ்நானப் பெயர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். ஆளை ஆள் பிரித்தறிவது வீட்டுப் பட்டப்பெயரால்: நண்டர் வீடு, கோணல் பல்லர் வீடு. முகத்துக்கு நேரே சொன்னால் இன்றைக்கும் அடி விழும். நீதிமன்றத்தில் அதை யார் சொல்லியிருப்பார்கள்? கைதிகளின் உயரமும் தழும்பும்கூடப் பதிவில் உண்டு. எங்கள் மனிதருக்கு எங்கே தழும்பு என்று சொல்ல இங்கே ஒருவரும் இல்லை. பங்குக் கோயிலின் பழைய பதிவுகளைக் கறையான் தின்றுவிட்டது.

மாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆர் எங்கடையாள் எண்டு கண்டுபிடிக்க ஏலாது மாமி."

"ஏலாதோ? இவ்வளவு படிச்சும்?"

"ஓம்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தனியச் செத்தவனெண்டால் வாசல்லை நிண்டே சொல்லியிருப்பாய். கட்டினவன்தான். எனக்கு நோகுமெண்டு இழுக்கிறாய்."

"அப்பிடியில்லை மாமி..."

"அப்ப எப்பிடி?"

தனியாகச் செத்தவர்தான் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கட்டினவர் அல்ல என்பதற்கும் இல்லை. பிரதியை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

கார்த்திகைப் பூசைக்கான பெயர்களை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அந்த மனைவியின் பெயரை முதலில் சொன்னார். பிறகு மகன், பேரன், என் தகப்பனார். இன்னும் ஒரு பெயருக்காகப் பேனையை மூடாமல் வைத்திருந்தேன்.

"முடிஞ்சுது," என்றார் மாமி.