ஒன்பதாவது படிக்காக ஒரு சுவர்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சுவர் ஒன்றை இடிக்க ஏற்பாடு செய்திருந்தேன். எதற்கு? கொலுவுக்கு!

டில்லி ஜனக்புரியில் நாங்கள் கீழ்வீடு. தலைக்கு மேல் மூன்று மாடி, மூன்று குடும்பம். ஹாலில் ஐந்து படிக்கு மேல் வைத்தால் வருகிறவர்கள் உட்கார இடமிருக்காது. அடுத்த ப்ளாக்கில் சென்ற வருஷம் ஒன்பது படி வைத்தார்கள்... விடுவேனா? ஹாலுக்கும் பக்கத்து அறைக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

"ஒம்பது படி ஆசை உங்களோடது. என் தலையில போடாதீங்கோ" என்று மனைவி முன்கூட்டியே ஒதுங்கிக்கொண்டாள்.

கான்ட்ராக்டர் வந்து சுவரை ஒரு தட்டுத் தட்டினார். "தூண் எதுவும் இல்லை ஸாப். ஒரு நாள் வேலை" என்றார் இந்தியில். எனக்கும் அதே எண்ணம்தான். கட்டடத்தைத் தூண் தாங்குகிறது, சுவர் வெறும் மறைப்பு — பி.ஏ. படித்தவனுக்கு இதுகூடவா தெரியாது?

அவர் கூட்டி வந்த ஆட்கள் இரண்டு பேர். விழுப்புரம் பக்கத்து ஏழுமலை, அவன் மனைவி அஞ்சலை. ஏழுமலை சம்மட்டியை ஓங்கினான். இடிந்ததை அள்ள வந்த அஞ்சலை அவன் கையைப் பிடித்துவிட்டாள்.

"இரு. சார், இது ஒம்போது இஞ்சு செவுரு. வெறும் மறைப்புன்னா நாலரைதான் இருக்கும். இதுல கை வெக்க மாட்டோம்."

"ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தினார் கான்ட்ராக்டர். இல்லாவிட்டால் இனி வேலைக்கே வரவேண்டாம் என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. "உனக்கு என்னம்மா தெரியும்?" என்றேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவள் என்னை மாடிக்கு அழைத்துப் போனாள். முதல் மாடி குப்தா வீட்டில், அதே இடத்தில் அதே சுவர். கட்டடத்துக்கே ஒரே டி.வி. அங்கேதான். ஏழெட்டுக் குழந்தைகள் அந்தச் சுவரில் சாய்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல்வீட்டிலும் அதே சுவர். அதற்கும் மேலே... அதே.

"இந்த வூட்டுக்குச் செவுருதான் சார் தூணு. மூணு வூடும் இது மேலதான் குந்தினு இருக்குது. போன சைட்டுல இப்பிடித்தான் ஒண்ண எடுத்தாங்க. அன்னிக்கு ஒண்ணும் ஆவல. பத்து நாளு கழிச்சி வெடிப்பு வுட்டு, மொத்தமா எறங்கிடுச்சி. என் தங்கச்சி உள்ள இருந்தா."

நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள். "ஒரு காலு போச்சி. உசுரு இருக்குது சார்."

கட்டடம் விழுந்தால் நாம் பூகம்பம், புயல் என்று பேசுகிறோம். பல சமயம் அதெல்லாம் இல்லை. கீழே ஒருவர் சுவரை எடுக்கிறார். மொட்டை மாடியில் ஒருவர் தண்ணீர் டாங்க் கட்டுகிறார். நடுவில் ஒருவர் பால்கனியை அறையாக்குகிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் போனால் கட்டடமே இறங்கிவிடுகிறது.

வேலை வேண்டாம் என்று கான்ட்ராக்டரிடம் சொன்னேன். அஞ்சலையை நிறுத்தினால் இந்த ப்ளாக்கில் உங்களுக்கு வேலையே கிடையாது என்றும் சொன்னேன். "அச்சா, அச்சா" என்று நழுவினார்.

சாயங்காலம் குப்தா இறங்கி வந்தார். அவரும் சமையலறைச் சுவரை இடிக்க நாள் பார்த்திருந்தாராம்! "அந்தம்மாவை ஒருமுறை கூப்பிடுங்களேன்" என்றார்.

நேற்று அஞ்சலை வந்தாள். நான்கு வீட்டிலும் ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்து, தொடக்கூடாததில் எல்லாம் கரியால் பெருக்கல் குறி போட்டாள். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் கரிக்கோடு... யாரும் முகம் சுளிக்கவில்லை. குறிக்குப் பக்கத்திலேயே ஐந்து படி கட்டிவிட்டேன்.

கட்டடம் நிற்கச் செங்கல்லும் சிமென்ட்டும் மட்டும் போதாது — ஓங்கிய கையைப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும்.