பாதியில் நின்ற படம்

நான்கைந்து வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதம், புதுக்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டரின் அறையில் நடந்தது இது. நாங்கள் இலுப்பூர்க்காரர்கள். என் வீட்டுக்காரருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஓயாத தலைவலி என்று ஸ்கேன் எடுத்ததில், மூளையில் கட்டி என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆபரேஷனைப் பற்றிப் பேசத்தான் போயிருந்தோம். படங்களைச் சி.டி.யில் கொடுத்திருந்தார்கள். அது பைக் பெட்டிக்குள் ஸ்பானர்களோடு கிடந்து கீறல் விழுந்திருந்தது.

டாக்டர் அதைப் போட்டதும் கம்ப்யூட்டருக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. திரை நீலமாகி, தானே அணைந்து, தானே உயிர் பெற்றது. மறுபடி போட்டார். இந்தத் தடவை ஒரு மண்டையோட்டின் படம் மேலிருந்து மெல்ல இறங்கிவந்து பாதியில் நின்றுவிட்டது. கீழ்ப்பாதி வெறும் கறுப்பு. மவுஸ் அசையவில்லை.

"சி.டி. டேமேஜ் ஆயிருக்கு. அதைப் படிக்க முடியாம சிஸ்டமே நின்னு போகுது. இருங்க, ஆளைக் கூட்டிட்டு வாரேன்" என்று டாக்டர் எழுந்து போனார்.

அறையில் நாங்கள் இருவரும் அந்தப் பாதித் தலையும்தான். கரகரப்பு அடங்கும், சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்கும். உள்ளேயிருந்து எதுவோ சுரண்டுவதுபோல இருந்தது. என் வீட்டுக்காரர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தலைக்குள்ள நானே எட்டிப் பாக்குற மாதிரி இருக்கு" என்றார். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

படத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதன் ஓரத்தில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்தேன். அவர் பெயர் இருந்தது. பக்கத்தில் வயது.

"என்னங்க, அறுபத்தேழுன்னு போட்டிருக்கு."

"ஒனக்கு என்ன தெரியும்? அது வேற ஏதாச்சும் நம்பரா இருக்கும்."

திரும்பி வந்த டாக்டரிடம் சொன்னேன். குனிந்து பார்த்தவர் உடனே ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டார். அதே நாள், அதே பெயரில் இன்னொருவரும் வந்திருக்கிறார்; கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக்காரர். இரண்டு பேர் படமும் ரிப்போர்ட்டும் மாறிப் போயிருந்தன. அந்தப் படம் நிற்காமல் ஓடியிருந்தால் ஓர எழுத்தை நான் எங்கே படித்திருக்கப் போகிறேன்.

மறுநாள் மறுபடி ஸ்கேன் எடுக்க இருவரையும் வரச் சொன்னார்கள். அங்கே பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அந்தப் பெரியவரின் மனைவி.

"எங்களுக்கு ஒண்ணுமில்லேன்னுட்டாங்கம்மா. கோயிலுக்குக்கூடப் போயிட்டு வந்துட்டோம். படம் சரியா விழலையாம், திரும்ப எடுக்கணுமாம். ஒங்க வீட்டுக்காரருக்கு என்னம்மா?"

"தலைவலிதாங்க" என்றேன்.

"பயப்படாதீங்க, சரியாயிரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எதிர் பெஞ்சிலிருந்து இரண்டு ஆண்களும் ஒன்றாக எழுந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை. பெரியவரை அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினார்கள். இப்போதாவது தெரிந்ததே, அவருக்கும் அது நல்லதுதான் என்று டாக்டர் சொன்னார். பிறகு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு நல்ல செய்தி வந்தால், வாய்விட்டுச் சிரிப்பதற்கு முன்னால், இது யார் வீட்டுக்குப் போக வேண்டியதோ என்று ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.