மீன் இல்லாத மீன் குழம்பு

“யக்கா, சாம்பாருக்குப் புளி மொதல்ல ஊத்தணுமா… பருப்பு மொதல்லயா?”

போன மாதம் ஒரு காலை, என் வீட்டு வாசலில் நின்று இப்படிக் கேட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? புதுசாகக் கல்யாணம் ஆன பெண்ணா? ஹாஸ்டல் சாப்பாடு அலுத்துப்போன மாணவியா? இல்லை. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்குப் பதினைந்து வருஷமாக மீன் கொண்டு வருகிற அமுதா! தலையில் அன்னக்கூடை, கூடையில் சங்கரா, கையில் தராசு… வாயில் சாம்பார் சந்தேகம்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“ஒங்க வீட்ல செவ்வா, வெள்ளி சைவந்தான? அதான் கேக்குறேன். இன்னும் நாப்பத்தாறு நாளு ஓட்டணும்க்கா.”

உட்காரவைத்து விசாரித்தேன். விஷயம் சிரிப்பதற்கில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

அமுதாவின் கணவர் ஏழுமலைக்குக் கடல்தான் தொழில். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் வாரமே, நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. போட்டில் மூன்று பேர். செல்போன் சிக்னல் இல்லை. ஒன்றரை நாள் அலை இழுத்த பக்கம் போயிருக்கிறார்கள். கரையில் இவள் சோறு தண்ணீர் இல்லாமல், மணலில் நின்றது நின்றபடியே இருந்திருக்கிறாள். கடைசியில் பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் போட்டு ஒன்று பார்த்து, கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தது.

“தைப்பூசத்துக்கு வருசா வருசம் வடலூரு போவேன்ல… அந்தப் பக்கமாத் திரும்பி கும்புட்டேன்க்கா. இந்த ஒரு உசுரத் திருப்பிக் குடுத்துடு. நாப்பத்தெட்டு நாளு எங்க வூட்டு அடுப்புல வேற எந்த உசுரும் வேவாதுன்னு சொன்னேன்.”

“அப்படின்னா கூடையில இருக்கறது?”

“அது யாவாரம்க்கா! ஏலத்துல எடுத்து வித்தாத்தான் எங்களுக்குச் சோறு. நான் அடுப்புன்னு மட்டுந்தான் சாமிகிட்டச் சொன்னேன்.”

அழுகையின் நடுவிலும் எவ்வளவு தெளிவாக வேண்டிக்கொண்டிருக்கிறாள், பாருங்கள். கோர்ட்டுக்குப் போனால்கூட இந்தக் கேஸ் நிற்கும்.

சரி… ஏழுமலை என்ன சொன்னார்? கரையேறிய மனிதர், ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் தட்டைப் பார்த்தார். சோறு, அப்பளம், ஊறுகாய்.

“நான் உசுரோட வந்ததுக்கு எனக்கே தண்டனையாடி?”

இங்கேதான் நான் உள்ளே வருகிறேன். நான் சிதம்பரத்தில் பிறந்து கடலூரில் வாழ்க்கைப்பட்டவள். கத்தரிக்காய் கொத்சு ஊர்க்காரி என்கிற பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? அமுதா போட்டது ஒரே ஒரு கண்டிஷன்: “பன்னீரு, காளானுன்னு எதுவும் சொல்லாதீங்க. எஞ்சின் ரிப்பேருக்கே எல்லாம் பூடுச்சி.” அதனால் எளிமையான பட்டியல் போட்டேன். முருங்கைக்கீரை… அவள் வீட்டுக்கு எதிரிலேயே மரம் இருக்கிறது. ஆனி மாதம், பண்ருட்டிப் பலாப்பழம் வந்து குவிகிற நேரம். பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் தூக்கி எறிகிற வீடுகள் எத்தனை! பூசணிக்காய் ஒரு கீற்று, மோர், பாசிப்பருப்பு. இவை போதாதா ஒரு குடும்பத்துக்கு?

முதல் பாடம், சாம்பார். புளி எப்போது, பருப்பு எப்போது, பெருங்காயம் எவ்வளவு என்று டீச்சர் மாதிரி நின்று சொன்னேன். மறுநாள் கூடையோடு வந்தவளிடம் ஆவலாகக் கேட்டேன்.

“நல்லாருந்துச்சா? அவர் என்ன சொன்னாரு?”

அமுதா தயங்கினாள். “ஒரு வாய் வச்சாருக்கா… ‘வூட்ல யாருக்கு ஒடம்பு செரியில்ல?’ன்னு கேட்டாரு.”

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக வைக்கிற சாம்பாரய்யா அது!

இரண்டாம் பாடம், பூசணிக்காய் மோர்க்குழம்பு. அன்று ஏழுமலை தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாராம். அங்கே நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார்கள். வாசனையைத் தொட்டுக்கொண்டு மோர்க்குழம்புச் சோற்றைச் சாப்பிட்டு முடித்திருக்கிறார்.

நான்காவது நாள் அமுதா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு சின்ன டிபன் பாக்ஸை நீட்டினாள். “சும்மா வச்சிப் பாத்தேன். சொல்லுங்க.”

திறந்தேன். மீன் குழம்பு நிறம். மீன் குழம்பு வாசனை. திடுக்கிட்டு அவளைப் பார்த்தேன்.

“மீனு இல்லக்கா. கத்திரிக்கா, மாங்கா, பலாக்கொட்ட. மத்ததெல்லாம் நான் எப்பவும் வக்கிற மாதிரிதான்.”

நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, வீட்டில் அரைத்த குழம்புத்தூள், கெட்டிப் புளி. அவித்துத் தோலுரித்த பலாக்கொட்டை குழம்பில் ஊறி, கடிக்கும்போது மெத்தென்று இருந்தது. எண்ணெய் மேலே பிரிந்து நின்றது. அன்று மதியம் என் கணவர் மூன்றாவது தடவை சோறு கேட்டார். என் சாம்பாருக்கு அப்படி ஒரு சம்பவம் சரித்திரத்திலேயே கிடையாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அமுதாவுக்குச் சமைக்கத் தெரியாது என்று யார் சொன்னது? நானேதான் முடிவு கட்டிக்கொண்டேன். அவள் சந்தேகம் கேட்டது சாம்பாரில். நான் அவளுக்குச் சமையலையே கற்றுக்கொடுக்கக் கிளம்பிவிட்டேன். நமக்குத் தெரிந்தது ஒருவருக்குத் தெரியாவிட்டால், அவருக்கு எதுவுமே தெரியாது என்று எவ்வளவு சுலபமாக நினைத்துவிடுகிறோம்!

அதன்பிறகு ஏழுமலை சுவரோரம் போகவில்லை. ஆனால் முணுமுணுப்பு நிற்கவில்லை. தினமும் காலண்டரைப் பார்ப்பாராம், பள்ளிக்கூட லீவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி.

இதற்கு நடுவில் வந்தது பெரிய சிக்கல்.

அமுதாவின் மகள் சௌமியா சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். தினமும் பஸ். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிற பிரபு என்கிற பையனோடு பழக்கம். அவனும் கிள்ளைப் பக்கத்து மீனவக் குடும்பம்தான். இரண்டு வீட்டிலும் முதலில் கொஞ்சம் முறைத்துக்கொண்டார்கள், பிறகு இறங்கி வந்தார்கள். இப்போது மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாகப் பெண் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தேதி பேச வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் பேச்சு தள்ளிப்போகும். தள்ளிப்போனால் மனசு மாறும் என்று சௌமியாவுக்குப் பயம். ஆனி கடைசி ஞாயிறு என்று முடிவாயிற்று.

அது வேண்டுதலின் இருபத்து நான்காம் நாள்!

“மீனு இல்லாம சம்பந்திக்கு எல போட்டா, வக்கத்தவங்கன்னு நெனச்சிப்பாங்களேக்கா,” என்றாள் அமுதா. முகம் சின்னதாகிவிட்டது.

ஏழுமலை பக்கத்தில் இருந்தார். “அன்னிக்கு ஒரு நாளு மட்டும் சாமிகிட்ட லீவு கேட்டுக்கலாமா?”

அமுதா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். லீவு கேன்சல்.

அந்த ஞாயிறு காலையிலேயே நான் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டேன். குழம்பு அவள் பொறுப்பு. கொத்சு என் பொறுப்பு… மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கும் ஒரு சான்ஸ் வேண்டாமா? முருங்கைக்கீரைப் பொரியல், ரசம், அப்பளம், பாசிப்பருப்புப் பாயசம். சௌமியா வாழை இலையைத் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு வேன் வந்தது. ஏழு பேர் இறங்கினார்கள். எட்டாவதாக ஓர் ஐஸ் பெட்டி இறங்கியது.

பிரபுவின் அம்மா அஞ்சலை நல்ல உயரம். வெற்றிலை போட்ட வாய் நிறையச் சிரிப்பு. பெட்டியை அவரே திறந்து காட்டினார். முழங்கை நீளத்துக்குப் பளபளவென்று இரண்டு வஞ்சிரம்.

“எங்க போட்டுல காலையில வந்தது. வித்துப்புடாதீங்கன்னு சொல்லி எடுத்தாந்தேன். மொதல்ல இத வறுங்க, அப்புறம் பேசுவோம்.”

வீடு அப்படியே நின்றுவிட்டது. அமுதா என்னைப் பார்த்தாள். நான் சௌமியாவைப் பார்த்தேன். சௌமியா தரையைப் பார்த்தாள்.

“சம்பந்தி… தப்பா நெனைக்காதீங்க,” என்று அமுதா ஆரம்பித்தாள். வேண்டுதல், நாற்பத்தெட்டு நாள், அடுப்பு என்று திக்கித் திணறிச் சொன்னாள். நடந்ததைச் சரியாகச் சொல்லக்கூட வரவில்லை அவளுக்கு.

அஞ்சலையின் சிரிப்பு மெல்ல இறங்கியது. “மொத மொதல்ல ஒரு நல்ல காரியத்துக்கு நாங்க கொண்டாந்தது… அத வேணாங்கறீங்களே.”

பிரபுவின் தாய்மாமன் தொண்டையைச் செருமினார். “கடல்ல பொழைக்கிறவங்க வூட்ல மீனு ஆவாதுன்னா… நல்லாவா இருக்குது?”

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் கதவோரம் நின்றிருந்த ஏழுமலை முன்னால் வந்தார். இத்தனை நாளாக இந்த வேண்டுதலைத் திட்டித் தீர்த்த அதே ஏழுமலை!

“நான் சொல்றேன், ஒக்காருங்க.”

உட்கார்ந்தார்கள்.

“எஞ்சினு நின்னு மறுநாளு உச்சி வெயிலு. மூணு பேருக்கும் தண்ணி தீந்துபோச்சி. மீனுக்குப் போட்ட ஐஸ ஒடச்சிச் சப்பினோம், அதுவும் தீந்துபோச்சி. பொட்டி நெறைய மீனு. அதுமேலதான் ஒக்காந்திருந்தேன். ஒரு மீனத் திங்கணும்னு எனக்குத் தோணல அண்ணி.” கொஞ்சம் நிறுத்தினார். “பழைய சோறுதான் கண்ணுல நின்னுச்சி. நீராகாரமும், ரெண்டு சின்ன வெங்காயமும். அத ஒரு வாட்டி இவ கையால வாங்கிக் குடிச்சிட்டா போதும்னு இருந்துச்சி. அந்நேரம் இவ கரையில நின்னு வேண்டியிருக்கா. எனக்குத் தெரியாது. வந்தப்பறம் தெனம் திட்டுறேன், வாஸ்தவந்தான். ஆனா இன்னி வரைக்கும் வெளியிலகூட ஒரு துண்டு நான் தொடல.”

அமுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். கூடவே போனேன். “இத எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லக்கா இந்த மனுசன்,” என்றாள். கரண்டியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

வெளியே அஞ்சலையின் குரல் கேட்டது. “எம் வூட்டுக்காரரோட தம்பி ஒருத்தரு கடலுக்குப் போனவரு வரவேயில்லண்ணே. எங்களுக்கு எல்லாம் தெரியும்.” பிறகு சத்தமாக, “டே பிரபு! பொட்டிய மூடு. போட்டுல கூட இருந்தாங்களே ரெண்டு பேரு, அவுங்க வூட்டுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டு வா. சம்பந்தி… எல போடுங்க, பசிக்குது!”

இலை போட்டோம். குழம்பை ஊற்றியதும் தாய்மாமன் விரலால் துழாவினார்… ஒரு தடவை, இரண்டு தடவை. “கருவாடு எதுனா போட்டீங்களாம்மா?” என்று சந்தேகமாகக் கேட்டார். பலாக்கொட்டையை எடுத்து வாயில் போட்டார். அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. இலையை வழித்துச் சாப்பிட்டார். அஞ்சலை இரண்டாம் முறை குழம்பு கேட்டார். என் கொத்சுவை யாரும் குறை சொல்லவில்லை. ரொம்பப் புகழவும் இல்லை. எழுதுகிறவள் உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா?

ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். கிளம்பும்போது அஞ்சலை அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு குழம்புப் பக்குவம் கேட்டார். சௌமியா அன்றைக்குத்தான் முதன்முதலாக உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள். பாயசம் மட்டும் மூன்று டம்ளர்.

மறுநாள் காலை. அமுதா சீக்கிரமே எழுந்து, தண்ணீர் ஊற்றி வைத்திருந்த பழைய சோற்றைப் பிசைந்து, உப்புப் போட்டு, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தைப் பக்குவமாக உரித்து வைத்து, கண் கலங்கக் கணவர் முன்னால் கொண்டுபோய் நீட்டியிருக்கிறாள். ஏழுமலை வாங்கினார். கும்பாவைப் பார்த்தார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

“தொட்டுக்கக் கருவாடு இல்லியா?”

இதை என்னிடம் சொல்லிவிட்டு, கூடையை இறக்கி வைத்து, என் வாசற்படியிலேயே உட்கார்ந்து அமுதா சிரித்தாள் பாருங்கள்… ஆண்களுக்கு ஞானம் வராது என்று சொல்ல முடியாது. வந்தால் ராத்தங்குவதில்லை, அவ்வளவுதான்!